எலும்பில்லாத மிருகம்

போகிறேன் என்றால் இன்னும் போகவில்லை என்றுதான் அர்த்தம். போனேன் என்றால் போயாயிற்று. சவரிமுத்துவுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, இலக்கணம் அப்போதே கசப்பு, அறுபத்தெட்டு வயதில் விருத்தாசலம் பாசஞ்சரில் உட்கார்ந்து நிகழ்காலம், இறந்தகாலம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இறந்த காலம். என்ன பேர் வைத்தான்கள். பல்லிடுக்கில் நார் மாட்டினால் நாக்கு சும்மா இருக்கிறதா, அங்கேயே போய் அங்கேயே நெருடுகிறது. ஜங்ஷனில் ஏறும்போது ஜன்னலோரம் காலியாக இருந்தது, உட்கார்ந்தார், அவ்வளவுதான் தெரியும். டவுன் ஸ்டேஷன் தாண்டியதா, மலைக்கோட்டை தெரிந்ததா, எதுவும் கண்ணில் ஏறவில்லை. எதிரே ஒரு அம்மாள் கொய்யாக்கூடையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறாள். வாய் அசைந்திருக்கும். தனியாகப் பேசுகிற கிழவன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியதும் தடதடவென்று சத்தம் மாறியது, அந்தச் சத்தத்திலும் அதேதான் கேட்டது. போகிறேன் போகிறேன் போகிறேன்.

அந்தப் போகிறேனை எழுதியவன் திருமேனி. அரியலூர்க்காரன், நாற்பத்து நாலு வயது, சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடுகிற மேடையில் சீட்டு எழுதுகிறவன். இவரோ பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஃபோனில் ஒரு குழு, பேர் கொடும்பல், இருநூற்றுச் சொச்சம் பேர், பல் டாக்டர், வி.ஏ.ஓ., மளிகைக்கடைக்காரர், எல்லாம் ஏழு கழுதை வயசானவர்கள், சனிக்கிழமை சாயங்காலமானால் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த டைனோசர்களை எழுப்பி மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள். இதன் தாடை பெரிதா, அதன் கழுத்து பெரிதா, சேற்றில் நின்றால் யார், பாறையில் நின்றால் யார் என்று தொண்டை கிழியக் குரல் பதிவு போடுவார்கள். சிலர் கதையும் எழுதுவார்கள். காரைக்கால் ஜமால்தான் குழுவை ஆரம்பித்தவன். அவன் வைத்த சட்டம் இது: மோதலில் தோற்றவன் "மண்ணுக்குள் போனேன்" என்று எழுத வேண்டும், உடனே மற்ற எல்லாரும் "தோண்டி எடுப்போம்" என்று எழுத வேண்டும். எலும்பு மண்ணுக்குள் போவது, தோண்டி எடுப்பது, அந்த வேடிக்கைதான். மூன்று வருஷமாக நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமேனி எழுதினான், மண்ணுக்குள் போகிறேன் என்று. போனேன் இல்லை. போகிறேன். அதற்குக் கீழே அறுபத்து மூன்று பேர், சவரிமுத்து எண்ணினார், அறுபத்து மூன்று பேர் தோண்டி எடுப்போம், தோண்டி எடுப்போம் என்று சிரிக்கிற மூஞ்சிகளோடு போட்டிருக்கிறார்கள். நடுவர் என்று எல்லாரும் மரியாதையாகச் சொல்கிற இந்தப் பெரிய மனுஷன் என்ன போட்டார்? "சரி. போ."

இரண்டே வார்த்தை. அதற்கு மேல் எழுத அவருக்கு வராது, வந்தாலும் பிடிக்காது. குழுவில் அவர் முதன்முதலில் எழுதியதே "தப்பு" என்கிற ஒற்றைச் சொல்தான். எவனோ ஒரு படம் போட்டிருந்தான், கொடும்பல்லன் என்கிற மாமிசம் தின்னி ஒன்று ஓடுகிற மாதிரி, பின்னங்கால் மூட்டு முன்பக்கம் மடங்கியிருந்தது. முப்பத்து நாலு வருஷம் மூட்டும் பிஸ்டனும் மாட்டிக் கழற்றிய கைக்குப் பொறுக்கவில்லை. தப்பு. அதிலிருந்து ஆரம்பித்தது. தாடை என்பது கிடுக்கிதானே, கீல் எங்கே இருக்கிறது, பல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கடியின் வேகம் தெரிந்துவிடும், இதற்கு எதற்கு இவ்வளவு கத்தல். தப்பு. இல்லை. போய்ப் படி. இப்படியே எழுதி நடுவராகிவிட்டார். ஜனங்களுக்கும் நறுக்கென்று வெட்டுகிறவனைத்தான் பிடிக்கிறது. ஆனால் சனிக்கிழமை மோதலில் தோற்றவன் யாருமே இல்லையே. போட்டியே ரத்து. அவர்தான் ரத்து செய்தார். தோற்காதவன் எதற்கு மண்ணுக்குள் போக வேண்டும்? இந்த ஒரு கேள்வி ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்க வேண்டாமா? திங்கள் போய் செவ்வாய்க்கிழமை காலையில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, சும்மா விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனபோதுதான் அந்த "கிறே" கண்ணில் பட்டது. டீயைக் குடிக்கவில்லை. கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். இன்னமும் ஒற்றை டிக்.

ஸ்ரீரங்கத்தில் நின்ற நேரத்தில் ஜமாலைப் பிடித்தார். "அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும், என்ன அதிசயமா கூப்புடுறீங்க, உங்களுக்குப் பேச வருமா?" என்றான். "திருமேனி போன் அணைஞ்சிருக்கு." "சார்ஜ் போட்டிருக்க மாட்டாரு." "மூணு நாளா?" "கோச்சுக்கிட்டிருப்பாருண்ணே. அவரு மிருகத்தையே இல்லன்னுட்டீங்கல்ல. புருஷன் பொஞ்சாதி மாதிரி நீங்க ரெண்டு பேரும் வாரா வாரம் அடிச்சுக்குவீங்க, வெள்ளிக்கிழமை ஆனா சரியாயிரும்." "போகிறேன்னு எழுதியிருக்கான்யா." "ஆமா, அதான் சட்டம்." "சட்டம் போனேன்." அந்தப் பக்கம் கடையில் யாரோ சீரகம் கேட்டார்கள். பிறகு ஜமால் குரலை இறக்கி, "அண்ணே, அங்க போலீஸ் ஸ்டேஷனுக்கு வேணா போன் பண்ணுவோமா?" என்றான். "என்னன்னு சொல்லுவ? டைனோசர் சண்டைக்கு வந்தவன் வினைச்சொல்ல மாத்தி எழுதிட்டான்னா?" ஜமால் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அவரு வீட்டு ஆளுங்க நம்பர் நம்ம யாருகிட்டயும் இல்லண்ணே. மூணு வருஷமா ஆளு என்ன ஏதுன்னு ஒருத்தனும் கேக்கல பாத்தீங்களா." "வை," என்றார். வைத்த பிறகுதான், பாவம், அவனையும் வை என்று சொல்லிவிட்டோமே என்று பட்டது. வண்டி கொள்ளிடத்தில் ஏறிவிட்டது. மணல், மணல், ஓரத்தில் கயிறு மாதிரித் தண்ணீர். இவ்வளவு மணலுக்கு அடியில் என்னென்ன கிடக்கும் என்று எப்போதும் தோன்றும். இன்றைக்குத் தோன்ற வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார்.

திருமேனியின் மிருகத்துக்குப் பேர் பிருகத்காயோசாரஸ். வாய் முழுக்க நிறைகிற பேர். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் எண்பதுகளில் தோண்டினார்கள். முதலில் எழுதியவர்கள் மாமிசம் தின்னி என்றுதான் எழுதினார்கள், பிறகு வந்தவர்கள் இல்லை, அது நீளக்கழுத்துத் தழைதின்னி என்று மாற்றினார்கள், அதற்குள் எலும்பு எல்லாம் பொடிந்து கரைந்து போய்விட்டது, கையில் மிச்சம் வரைந்து வைத்த கோடும் நாலைந்து மங்கல் போட்டோவும்தான். திருமேனி அந்த முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன். எங்க ஊர் மிருகம் அய்யா, அது புல்லுத் தின்னிருக்காது, என்பான். எடை சொல்வதைக் கேட்க வேண்டும், டன் கணக்கில் சொல்ல மாட்டான், "பன்னெண்டு சக்கர லாரி மூணு, லோடோட, அய்யா, அம்மாம் பெருசு. உங்க ராஜாசாரஸ் ட்ராக்டர் டிப்பர்தான், ஓரங்கட்டி நில்லுன்னு சொல்லிட்டுப் போயிடும்" என்பான். பின்னால் நிஜமாகவே லாரி உறுமும். எல்லாரும் சிரிப்பார்கள். சனிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தான். மூன்று லாரி எடையுள்ள மாமிசம் தின்னி ஓடினால் முழங்கால் பொடியாகும் என்றார் இவர். ஓடாது அய்யா, நிக்கும், காத்துக்கிட்டு நிக்கும், என்றான். எங்கே எலும்பு, காட்டு, என்றார். எலும்பு இல்லாட்டி இருந்ததே இல்லன்னு ஆயிடுமா அய்யா, என்று கேட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. இப்போது சொல்கிறார் ஒரு மாதிரி இருந்தது என்று, அப்போது காதில் விழுந்ததா? எலும்பில்லாததுக்கு மோதல் இல்லை, இல்லாத ஒன்றுக்காக இங்கே வந்து நிற்காதே, போட்டி ரத்து. ஆங். அதையும் அவர்தான் எழுதினார். நிற்காதே. மறுநாள் போகிறேன் என்கிறான். இவர் போ என்கிறார். சேர்த்துப் படித்தால் எப்படி இருக்கிறது பார்.

லால்குடியில் கூட்டம் ஏறி, நெருக்கி, யாருடைய பையோ தோளில் இடித்தது. மடியில் இருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து நாளைக்கு முன்னால் கூரியரில் வந்தது, உறையில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டுதான் இப்போது போகிறார். திருமேனி எழுதுகிற தொடர்கதை, அரியலூர் கடலாக இருந்தபோது கரையில் வேட்டையாடிய அவன் மிருகத்தின் கதை, கடைசிப் பாகம். குழுவில் போடாமல் இவருக்கு மட்டும் கையால் எழுதி அனுப்பியிருந்தான். கூட ஒரு துண்டுச்சீட்டு: "அய்யா, இது உங்ககிட்ட இருக்கட்டும்." பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவர் என்கிற மதிப்பு. இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்தாரா? தான் இருக்கிற வரை தன்னிடம் வைத்துக்கொள்கிறவன் எதற்கு இன்னொருத்தனிடம் இருக்கட்டும் என்கிறான்? கடைசிப் பாகத்தில் மிருகத்துக்குச் சண்டையே இல்லை. அதன் இனத்தில் மற்றது எல்லாம் செத்தாயிற்று, இது மட்டும் கரையில் நடக்கிறது, இரை எதிரே வந்தும் தொடவில்லை, கடைசியில் சேற்றில் இறங்கி, மெல்ல மெல்ல, மண் மூடுகிற வரைக்கும் அசையாமல் படுத்துக்கொள்கிறது. நோட்டைத் திறந்தார். ஓரத்தில் அவருடைய பென்சில். "மாமிசம் தின்னி தானாகச் சேற்றில் இறங்காது. தப்பு." இன்னொரு பக்கத்தில், "சண்டை எங்கே?" சண்டை எங்கேயாம். அடேய் முட்டாளே. மனுஷன் எழுதிய கடிதத்தை வாங்கிக் கால் மூட்டைச் சரிபார்த்திருக்கிறாய். பென்சிலை எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தார், கறுப்பாக இழுவிக்கொண்டது.

அந்த அம்மாள் கொய்யா ஒன்றை நீட்டினாள். "சாப்புடுங்க பெரியவரே, காலையிலேருந்து ஒண்ணும் திங்கலபோல இருக்கு." வேண்டாம் என்று கையைக் காட்டினார். "ஆசுபத்திரிக்கா போறீங்க?" "இல்ல." "துக்கத்துக்கா?" அவர் திடுக்கிட்டு, "இல்லைன்னு சொல்றேன்ல," என்று கத்திவிட்டார், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "யம்மாடி, கேட்டதுக்கு இம்புட்டுக் கோவமா. வீட்ல அந்தம்மா எப்புடித்தான் குப்ப கொட்டுதோ," என்று கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வீட்டில் அந்தம்மா இல்லை. மனைவி ஆரோக்கியம் போய் நாலு வருஷம். அதைப் பற்றி இன்றைக்கு நினைக்கப்போவதில்லை என்று ஜங்ஷனிலேயே முடிவு செய்திருந்தார், ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் போய் முட்டுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில், காலை நேரம், நர்ஸ் இட்லி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பயமா இருக்குங்க, என்றாள் ஆரோக்கியம். கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. இவர் என்ன சொன்னார், ஒண்ணுமில்ல, படு. அவளும் சரி என்று படுத்தாள். அதற்கப்புறம் ஆறு நாள் இருந்தாள், சட்னி உறைக்கிறது என்றாள், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள், மகனுக்குப் போன் போடச் சொன்னாள், பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்காததால் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். போகவில்லை. இவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டால் நாற்பது வினாடி. ம். சரி. வை. திருமேனியும் சொல்லித்தான் பார்த்திருக்கிறான். ஆடியில் ஒரு நாள், கதை ஒன்றை வாசித்து அனுப்பும்போது, வீட்ல இப்ப யாரும் இல்ல அய்யா, சத்தம் போட்டே படிக்கலாம், என்றான். யாரும் இல்லையா, எங்கே போனார்கள், ஏன் போனார்கள். மனுஷன் கேட்க வேண்டியது அது. இவர் கேட்டது: "அந்த மிருகத்துக்கு முன்னங்கால் விரல் எத்தனை?"

புள்ளம்பாடி. கல்லக்குடி. வெளியே எல்லாம் வெளுத்துப்போய், மரத்தில் இலையெல்லாம் மாவு தூவின மாதிரி சுண்ணாம்புத் தூசி. சில்லக்குடியில் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டான். எக்ஸ்பிரஸ் தாண்ட வேண்டுமாம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சிக்னல் ரயில்வேக்காரனுக்குப் புதிதா, ஆயிரம் தடவை பார்த்தது, ஆனால் இன்றைக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க இறங்கி ஓடலாமா என்று கால் துடித்தது. போகிறேன் என்றால் இன்னும் போகவில்லை. சரி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு? ஒரு சொல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இல்லை, சும்மா டைப் அடிக்கும்போது கை தவறியிருக்கும். இந்தப் போனில் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று வருகிறது. அவன் மேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருப்பான், இவர் போய் நின்றதும் யார் நீங்க என்பான், இவர் அசடு வழிவார், குழுவில் ஒரு மாதம் இதை வைத்தே ஓட்டுவார்கள், நடுவர் அரியலூருக்கு ஓடின கதை. ஓட்டட்டும். வருஷம் முழுக்க ஓட்டட்டும். கர்த்தரே, அசடாக்கு. என்னை அசடாக்கு. எக்ஸ்பிரஸ் ஜன்னலையெல்லாம் அறைந்துகொண்டு தாண்டிப் போனது.

எடை மேடை ஜெயங்கொண்டம் ரோட்டில் இருந்தது. ஆட்டோவை நிறுத்தி இறங்கினால், கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் இருபது வயசுப் பையன், திருமேனியாக இருக்க முடியாது, சீட்டு எழுதுகிறவர் எங்கே என்று கேட்டார். மேடை மேல் நின்ற லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, "யாரு, சீட்டு அண்ணனா? அவரு ஞாயித்துக்கிழமைலேருந்து ஆளக் காணும் பெருசு. பின்னால அந்த ஓட்டு வீடுதான்," என்றார். ஞாயிற்றுக்கிழமை. நடந்தாரா ஓடினாரா தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் உள்ளே தாழ்ப்பாள். தட்டினார். திருமேனி என்று கூப்பிட்டார், தன் குரலே தனக்குப் பழக்கமில்லாத மாதிரி ஒலித்தது, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. மறுபடி தட்டினார். ஜன்னலுக்கு உள்பக்கம் துணி. மூக்கு தானாக மோந்து பார்த்தது, அதற்காகவே தன்னைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. அப்புறம் கண் கீலுக்குப் போனது. பழைய வீடு, வெளிப்பக்கக் கீல், நடுவில் ஆணி மட்டும்தான். கீழேயிருந்து தட்டினால் மேலே வந்துவிடும், இரண்டு ஆணி, இரண்டு நிமிஷ வேலை. மிதியடி ஓரம் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றையும், துருப்பிடித்த போல்ட் ஒன்றையும் எடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் ஆணி நகர்ந்தது. நாலாவதுக்குக் கல்லை ஓங்கியபோது உள்ளே தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"யாருய்யா அது, பட்டப்பகல்ல கதவ ஒடைக்கிறது?"

நாலு நாள் தாடி. கசங்கிய கைலி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். இவ்வளவு ஒல்லியாக இருப்பான் என்று சவரிமுத்து நினைத்ததில்லை, அந்தக் குரலுக்கு ஒரு பெரிய உடம்பைத்தான் மனசில் மாட்டி வைத்திருந்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"சவரிமுத்து," என்றார்.

"எந்த சவரிமுத்து?"

"தப்புன்னு போடுவேன்ல."

அவன் கல்லைப் பார்த்தான். போல்ட்டைப் பார்த்தான். கீலைப் பார்த்தான். "நடுவர் அய்யாவா? பொன்மலையிலேருந்தா?"

"போனை ஏன்யா அணைச்ச?" என்று அவர் கத்தினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறான். நிற்கிறான், மூச்சு விடுகிறான், கெட்ட வாடை அடிக்கிறது வாயில். அந்த மட்டுக்கும் சரி. அந்த மட்டுக்குத்தான் சரி, ஏனென்றால் அவன் முகத்தில் தப்பித்தவனுடைய களை ஒன்றும் இல்லை. இப்போது வழக்கம்போல ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம், நல்லாத்தானே இருக்க, குளிச்சிட்டு வேலைக்குப் போ, என்று நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. விழுங்கினார்.

"சாகலாம்னு பாத்தியா?"

திருமேனி வீட்டுக்கு உள்ளே திரும்பிப் பார்த்தான், அங்கே யாரோ கேட்டுவிடப் போகிற மாதிரி. பிறகு, "மூணு நாளா அதான் அய்யா யோசன," என்றான், சின்னக் குரலில்.

"இப்ப?"

"தெரியல. நீங்க கதவத் தட்டவும் எந்திரிச்சேன். அவ்வளவுதான் தெரியும்." கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "காப்பி போடக்கூடப் பால் இல்ல, தப்பா நெனைக்காதீங்க," என்றான்.

சவரிமுத்து கல்லைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். நிலைப்படியில் பாதியும் உள்ளே பாதியுமாக உட்கார்ந்தார், கதவை இனி அவரைத் தாண்டித்தான் சாத்த வேண்டும். பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார். அவன் தயங்கி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டுப் பழக்கமில்லை, ஆனால் சும்மா இருப்பது தெரியும்.

"வைகாசியில போனாங்க அய்யா," என்றான் திருமேனி. "அவளும் பாப்பாவும். திருப்பூருக்கு. சண்டை கூட இல்ல, சண்டைன்னா பரவால்ல…" மேடையில் லோடு லாரி ஒன்று ஏறியது, வீடு மொத்தமும் அதிர்ந்தது, அவன் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். இனி பேசமாட்டானோ என்று இருந்தது. லாரி உறுமிக்கொண்டு நின்றது, சீட்டு வாங்கியது, கியர் மாற்றி இறங்கிப் போனது.

"ம்," என்றார் சவரிமுத்து. "அப்புறம்?"